சின்ன மயக்கமும் இருதய நோயாளியும்

ஆசிரியருக்கு,

இரைப்பைக்குக் கெமரா விடும்போது கொடுப்பது “சின்ன மயக்கம்தான், நெஞ்சு வருத்தக்காரர் பயப்படத் தேவையில்லை” என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். பாதிதான் சரி. பலவீனமான இருதயத்தை மருந்தின் அளவைப் போலவே அதைக் கொடுக்கும் வேகமும் கவிழ்க்கும். அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை.

இதற்குக் கொடுக்கும் மயக்க ஊசிகளில் ஒன்றான புரோபொபோல் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். இருதயம் சுருங்கும் பலத்தையும் கொஞ்சம் குறைக்கும். நல்ல இருதயம் ஓரளவு ஈடுகட்டும். பெருநாடி வால்வு சுருங்கியவருக்கு அந்தச் சலுகை கிடையாது: பிரஷர் விழுந்ததும் இருதயத் தசைக்கே இரத்தம் போதாது, தசை சோர்ந்து பிரஷர் இன்னும் விழும்.

மிடசோலம் என்ற இன்னொரு மயக்க ஊசியில் வரும் தவறு வேறு மாதிரி. இருதயம் பம்ப் பண்ணும் பலம் குறைந்தவருக்குக் கையில் ஏற்றிய மருந்து மூளைக்குப் போய்ச்சேரத் தாமதமாகும். 1 மில்லிகிராம் கொடுத்து ஒரு நிமிடம் பார்க்கிறார்கள், ஆள் கதைத்துக்கொண்டிருக்கிறார். இன்னொன்று, பிறகு இன்னொன்று. ஐந்தாம் நிமிடத்தில் மூன்றும் சேர்ந்து வேலை செய்ய, நாக்கு பின்னால் விழுகிறது, மூச்சு நிற்கிறது. இவர்களுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம்வரை மெதுவாக ஏற்றி, அடுத்ததற்குமுன் குறைந்தது இரண்டு நிமிடமாவது, முடிந்தால் அதைவிடக் கூடவும் காத்திருக்க வேண்டும். பென்டனில் என்ற பலமான வலி மருந்தும் கொடுத்தால் இந்த அளவையும் குறைக்க வேண்டும். டில்டியாசம், வெரபமில் என்ற இருதய மருந்துகளைக் குடிப்பவரின் உடம்பில் மிடசோலம் கரைவதும் தாமதம். கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்வது இதற்காகத்தான்.

பிரஷர் விழாது என்று கெட்டமின் என்ற மயக்க மருந்தைத் தேடுவோரும் உண்டு. மாரடைப்பு வந்தவருக்கு அது இருதயத்தின் ஒட்சிசன் தேவையைக் கூட்டும். வாதக்காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவருக்கோ, அதனால் துடிப்பு வேகமெடுத்தால் இரத்தம் வால்வைக் கடக்க நேரம் போதாமல் நுரையீரலில் தேங்கும்.

மலைநாட்டில் இன்னொன்றும் உண்டு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம்; காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். மூச்சு குறைந்தால் ஒட்சிசன் அளவு கொழும்பைவிடச் சீக்கிரம் இறங்கும். மூக்கில் ஒட்சிசன் போட்டால் இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் விரல் மானி 98 சதவீதம் காட்டும். காபனீரொட்சைட்டு ஏறுவதை அது சொல்லாது. ஆகவே நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்க ஒருவர் வேண்டும், அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

வாசகருக்குச் சில வார்த்தை. பார்மசியில் வாங்கிக் குடிக்கும் நித்திரைக் குளிசையை மறைக்காதீர்கள்; டயசிபாம் வயதானவர் உடம்பில் நாட்கணக்கில் தங்கும். இருதயத் துடிப்பைக் குறைக்கும் அற்றெனோலோல், பைசோப்ரோலோல் போன்றவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. பிரஷர் மருந்துகளான எனலாப்ரிலும் லொசார்டனும் அன்றைக்குக் காலையில் குடிக்கலாமா என்று மயக்கமருந்து வைத்தியரிடம் முதல் நாளே கேளுங்கள். குடித்துவிட்டு வந்தால் அதையும் சொல்லுங்கள்.

மிடசோலத்தின் வேலையை முறிக்கும் புளுமசெனில் கொடுத்து எழுப்பியவரை உடனே அனுப்புவது ஆபத்து. அதன் வேலை ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மிடசோலம் அப்போதும் உடம்பில் இருக்கும். தோட்டத்துக்கு ஏறும் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவரை அவசரப்படுத்துவதைவிட, அன்றிரவு வாட்டில் ஒரு கட்டில் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
மயக்கமருந்துப் பிரிவில் பணிபுரியும் ஒருவர்,
ஹட்டன்.