நூறு பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கும் கலை ஆசிரியர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகள் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். டைம் டேபிளில் வாரத்துக்கு ஒரு டிராயிங் பீரியட் இருக்கிறது. அதில் வருவது கணக்கு டீச்சர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பாடம் முடிக்க அவருக்கும் நேரம் போதவில்லை.

போன மாசியில் ஷொர்ணூர் பக்கம் உறவினர் ஊருக்குப் போனபோது பகவதி கோயிலில் தோல்பாவைக்கூத்து பார்த்தோம். மகள் திரைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி வரிசையாக 21 விளக்குகள். "அம்மா, அவங்க பாடறது நம்ம தமிழ்!" என்றாள். ஆமாம், கம்பராமாயணம். பாவை ஆட்டும் கலைஞர்களைப் புலவர்கள் என்பார்கள். வீட்டில் மலையாளம் பேசும் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் பாடி வருகிறார்கள்.

ஊர் திரும்பியதும் சோப்பு டப்பா அட்டையில் ஒரு மானை வெட்டி, ஈர்க்குச்சி கட்டி, அப்பாவின் வேட்டியைத் திரையாக்கி, டார்ச் அடித்து விளையாடினாள். மான் டார்ச்சை நெருங்கினால் நிழல் பெரிதாகி ஓரம் மங்குகிறது. துணியை ஒட்டி வந்தால் சிறுத்துத் தெளிகிறது. ஏன் என்று அவளே யோசித்துக் கோடு போட்டுக் காட்டினாள். ஒளி பாடத்தைக் கேள்வி பதிலாக உருப்போட்டபோது விளங்காத விஷயம் இது. அப்புறம் மானுக்கு வசனம் எழுதினாள், மூன்று பக்கம்! கட்டுரை நோட்டில் அரைப் பக்கம் தாண்டாத பிள்ளை.

ஓவியம், இசை, நடனம், நாடகம் நான்கையும் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக்கச் சொன்னது 2005 தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு. 2020 கல்விக் கொள்கையும் மற்றப் பாடங்களைக் கலை வழியாக நடத்தச் சொல்கிறது. சரி, நடத்த ஆள்? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை 100 பேருக்கு மேல் படித்தால்தான் கலைக்குப் பகுதிநேர ஆசிரியர் கட்டாயம். மகள் பள்ளியில் அந்த மூன்று வகுப்பிலும் சேர்த்து 60 சொச்சம். எல்லையோரத்துச் சின்னத் தமிழ்ப் பள்ளிகள் இந்தக் கணக்கில்தான் விடுபட்டுப் போகின்றன.

கேரளப் பள்ளிகளின் கலைப் போட்டி விழாவான கலோத்சவம் இருக்கிறதே என்பார்கள். தமிழ்க் கவிதை சொல்லவும் பேசவும் அதில் இடம் உண்டு, எனக்கும் பெருமைதான். ஆனால் மேடை ஏறுவது ஒரு பிள்ளை. மற்றவர்கள் கை தட்டுகிறார்கள்.

நான்கைந்து சிறு பள்ளிகளுக்குச் சேர்த்தாவது ஒரு கலை ஆசிரியரைக் கல்வித் துறை நியமிக்க வேண்டும். எங்கள் பக்கத்து நாட்டுப்புற ஆட்டமான கண்யார்களியின் பாட்டுகளில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். அதை ஆடுகிறவர்களையும் பாவைக்கூத்துப் புலவர்களையும் சம்பளம் கொடுத்து வகுப்புக்கு அழைக்கலாம். அதுவரை அந்த ஒரு டிராயிங் பீரியடையாவது பிள்ளைகளிடம் விட்டுவைக்கும்படி தலைமை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்