கொடிவேலி வேரைப் போத்தலில் வளர்க்கப்போகும் மகளுக்கு

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள மகள்,

பற்றீரியாவால் இலைக்குள் மரபணு ஏற்றி, அதில் முளைக்கும் வேரைப் பிளம்பாஜின் என்ற சேர்வைக்காகப் போத்தலில் வளர்க்கப்போகிறேன், செங்கொடிவேலி இலையை உடனே பார்சல் போடு என்று சொல்லியிருந்தாய். இப்போது அனுப்பமாட்டேன். இங்கே மாரி விட்டபாடில்லை. இந்த ஈரத்தில் செடியின் தண்டுக்குள்ளேயே பங்கசு குடியிருக்கும். மேலே எவ்வளவு கழுவினாலும் உள்ளே கிடப்பது சாகாது. நாலு நாளில் போத்தலிலுள்ள சத்துக்கூழான ஊடகம் முழுக்கப் பஞ்சு பூத்துவிடும். மாசி வெயில் இரண்டு கிழமை அடிக்கட்டும், கணுக்கணுவாக வெட்டி அனுப்புகிறேன்.

இந்தச் சாதியில் விதை பிடிப்பது அரிது, அதனால் கணுவில்தான் தொடங்கவேண்டும். ஓடுகிற தண்ணீரில் அரை மணித்தியாலம், 70 வீத எதனோலில் 30 செக்கன், ஒரு துளி சவர்க்காரத் திரவம் விட்ட 20 வீதக் க்ளொறொக்ஸ் வெளிற்றும் திரவத்தில் 10 நிமிடம், பிறகு கிருமியழித்த தண்ணீரில் நாலு தரம். போத்தலுக்குள் துளிர்க்கும் இலையைத்தான் நீ வெட்டவேண்டும்.

நீ போடப்போகும் எம்எஸ் ஊடகம் முராசிகே, ஸ்கூக் இருவரும் 1962இல் புகையிலை இழையத்துக்கென்று வகுத்தது. அதில் நைதரசன் தாராளம், வேருக்கு அவ்வளவு வேண்டாம். உப்புகளைப் பாதியாகப் போடு. லீற்றருக்குச் சுக்குரோசு 30 கிராம், அகார் 8 கிராம், பிஎச் 5.8. ஓமோன் சேர்க்காதே. ஓமோன் இல்லாமலே கிளைவிட்டு ஓடுவதுதான் மரபணு ஏறிய வேரின் முதல் அடையாளம். ஒப்பிட்டுப் பார்க்கப் பற்றீரியா படாத இலைத்துண்டு பத்தையும் பக்கத்தில் வை. வெட்டுக்காயத்தில் தானாக வரும் வேரும் உண்டு.

மரபணுவைக் கடத்தும் பற்றீரியாவான அக்ரோபற்றீரியம் ரைசோஜீன்ஸை 28 பாகையில் இரவு முழுக்கக் குலுக்கி வளர். 37க்கு வைக்கிற பழக்கம் இகோலை என்ற வேறு பற்றீரியாவை வளர்ப்பவர்களுடையது, அது இங்கே உதவாது. இலையை ஒரு சென்ரிமீற்றர் துண்டாக வெட்டி, நடுநரம்பைக் கத்திநுனியால் கீறி, 10 நிமிடம் ஊறவிட்டு, வடிதாளில் ஒற்றி எடு. இரண்டு நாள் இருட்டில், 25 பாகைக்கு மேலே போகாமல் வை. சூடு ஏறினால் பற்றீரியா செழிக்கும், ஆனால் மரபணுவைச் செடிக்குள் கடத்தாது. ஏசி நின்ற அறையில் எடுத்த முடிவை நம்பாதே. மூன்று நாளைத் தாண்டவிட்டால் துண்டைச் சுற்றிப் பாலாடை போலப் படர்ந்துவிடும். பிறகு எந்த மருந்தாலும் அடக்க ஏலாது.

அதன்பிறகு பற்றீரியாவைக் கொல்ல, ஊடகத்தில் லீற்றருக்கு 500 மில்லிகிராம் செஃபோடாக்சிம் மருந்து. ஊடகம் நீராவியால் கிருமியழிக்கும் ஓட்டோக்கிளேவிலிருந்து வந்து கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியபிறகே, 0.22 மைக்ரோன் வடியால் விடு. சூட்டில் மருந்து செத்துப்போகும். பத்து நாளுக்கு ஒருதரம் புது ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டு அளவைப் பாதி பாதியாக இறக்கு. அவசரப்படுகிறவர்கள் விழுவது இங்கேதான். மருந்து நின்ற மறுமாதமும் திரவம் கலங்காமல் இருக்கவேண்டும். மரபணுவைத் தேடும் பீசீஆர் சோதனையில், வேருக்குள் ஏறவேண்டிய ரோல்பி மரபணு வந்தால் மட்டும் போதாது, வேரோடு ஒட்டிய பற்றீரியாவும் அதைக் காட்டும். செடிக்குள் ஏறாமல் பற்றீரியாவிலேயே நிற்கும் விர்டி மரபணு வராமல் இருந்தால்தான் வேர் சுத்தம்.

ஒரே துண்டில் ஐந்து வேர் வந்தாலும் ஐந்தையும் ஒன்றாகப் போட்டு வளர்க்காதே. மரபணு ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ஒன்று காடாய் வளர்ந்து பிளம்பாஜின் சொட்டும் தராது, இன்னொன்று முக்கி முனகி வளர்ந்தும் அள்ளித்தரும். 3 சென்ரிமீற்றர் ஆனதும் வெட்டி, தனித்தனி இலக்கம் போடு. பார்வைக்கு அழகான வேர்தான் நல்லது என்று எண்ணாதே, அளந்து பார்த்துத் தெரிவுசெய்.

திரவத்துக்கு 250 மில்லிலீற்றர் குடுவையில் 50 மில்லிலீற்றர் போதும், நிமிடத்துக்கு 80 சுற்று, இருட்டு. வேகம் கூடினால் வேர் நசிந்து கட்டிகட்டியாகக் கலசு என்ற உருவமில்லாத இழையம் ஆகிவிடும். வளர்ச்சி தளரும் மூன்றாம் கிழமையில் பிளம்பாஜின் ஆக்கத்தைத் தூண்ட மெதைல் ஜாஸ்மோனேற் 100 மைக்ரோமோலர் விடு. முதல் நாளே விட்டால் வேர் வளராது. அதை எதனோலில் கரைத்தால், ஒப்பிட வைத்த, அது விடாத குடுவைக்கும் அதே அளவு எதனோல் சேர்.

எடுத்த வேரை 60 பாகை அடுப்பில் காயவைக்காதே. பிளம்பாஜின் ஆவியாகும் சாதி, காற்றோடு போய்விடும். உறைய வைத்து உலர்த்து. திரவத்தையும் ஊற்றிவிடாதே, மஞ்சள் நிறமாக வெளியே கசிந்திருக்கும், அதையும் அளந்தால்தான் கணக்குச் சரி. வெறுங்கையால் தொட்டால் கொப்புளம் போடும், நைத்ரைல் கையுறை போடு.

பார்சல் எந்த நாளில் வந்தால் வசதி, ஆய்வுகூடத்தில் சனிக்கிழமை யாராவது இருப்பார்களா என்று எழுது. கணு இரண்டு நாளுக்கு மேல் பொலித்தீனுக்குள் கிடந்தால் அழுகும்.

அம்மா