இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி எல்லாம் சிறப்பாகவே நடந்தன. பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு வாழ்த்துகள்.

பேச்சுப் போட்டியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் போட்ஸ்வானா நாட்டு வழக்கறிஞர் யூனிட்டி டௌ பற்றிப் பேசினார். 1959இல் பிறந்த டௌ மணந்தது ஓர் அமெரிக்கரை. போட்ஸ்வானாவின் அன்றைய குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டவரை மணந்த பெண்ணின் பிள்ளைகளுக்குத் தாயின் குடியுரிமை கிடையாது. ஓர் ஆண் வெளிநாட்டுப் பெண்ணை மணந்தால் இந்தச் சிக்கலே இல்லை. திருமணத்துக்கு முன் பிறந்த மூத்த குழந்தை குடிமகளாக இருக்க, பின்னால் பிறந்த இருவரும் சொந்த ஊரிலேயே வெளிநாட்டவர் ஆனார்கள். டௌ அரசு மீதே வழக்குப் போட்டார். எந்தெந்த அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பு சொல்லும் இடத்தில் ஆண், பெண் என்ற பேச்சே இல்லை என அரசுத் தரப்பு வாதாடியது. 1991இல் உயர் நீதிமன்றமும், 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. 1995இல் சட்டம் திருத்தப்பட்டது. 1998இல் அவர் உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். அப்புறம் அரசியலுக்கு வந்து கல்வி அமைச்சராகவும், 2018 முதல் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். எதிர்த்து வழக்காடிய அரசிலேயே அமைச்சர் பதவி!

அரங்கில் கைதட்டல் அடங்க நேரமானது. தட்டியவர்களில் அப்பாக்களும் நிறையப் பேர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்விச் சுற்றுலாவுக்கான சம்மதப் படிவங்கள் இன்னும் பல வரவில்லை. கேட்டால், "அவங்க அப்பா ஊரிலிருந்து வந்ததும் கையெழுத்து வாங்கித் தரேன்" என்கிறார்கள் தாய்மார்கள். பிள்ளையைத் தினமும் கொண்டுவந்து விடுவதும், காய்ச்சல் என்றால் ஓடி வருவதும் அவர்கள்தான். வீட்டில் கலந்து பேசி முடிவெடுப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் படிவத்தில் கேட்டிருப்பது பெற்றோரில் ஒருவர் கையொப்பம். அது தாயுடையதாக இருந்தாலும் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "என்னைக் கேட்காமல் அவள் கையெழுத்தை எப்படி வாங்கினீர்கள்?" என்று வகுப்பாசிரியரை மாணவர்கள் எதிரிலேயே ஒருவர் அதட்டியிருக்கிறார். இனி அப்படி நடந்தால் அந்தப் பேச்சு என் அறையில், என்னோடுதான் நடக்கும். தாய் ஒப்பமிட்ட எந்தப் படிவத்தையும் இந்தப் பள்ளி திருப்பி அனுப்பாது.

பெரும்பாலானோர் படிவங்களை நேரத்தோடு கொடுத்துவிட்டீர்கள், மிக்க நன்றி. வேலை நிமித்தம் வெளியூரில் இருந்தபடியே தொலைபேசியில் விசாரித்து, "அம்மாவே போட்டுடட்டும் சார்" என்று சொன்ன அப்பாக்களுக்குத் தனி நன்றி. மீதிப் படிவங்களை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். பேருந்துக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்