மரண அறிவித்தல், கல்வெட்டு, நிச்சயதார்த்த அறிவித்தல்: பெயரடைவுப் பணிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் தீவகத்தையும் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்களின் மரண அறிவித்தல்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் (இறந்தவரின் நினைவாக அந்தியேட்டிச் சடங்கில் வெளியிடும் சிறு நூல்கள்), நிச்சயதார்த்த அறிவித்தல்கள், திருமண அழைப்பிதழ்கள் ஆகியவற்றைச் சேர்த்து, ஸ்கான் செய்து, அவற்றிலுள்ள ஒவ்வொரு பெயரையும் தேடக்கூடிய அடைவாக ஆக்கும் பணிக்கு உங்கள் நன்கொடையை நாடி எழுதுகிறோம். சேரும் பணத்தில் பெரும் பங்கு பெயர்களைத் தட்டச்சு செய்து சரிபார்ப்பவர்களின் கூலிக்கே போகும். அது ஏன் என்பதை விளக்கிவிட்டுத்தான் பணம் கேட்க வேண்டும்.

1981 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் நடந்த தீவைப்பில் யாழ். பொது நூலகத்தின் 97,000 வரையான நூல்களும் சுவடிகளும் எரிந்தன. 1959 முதல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் அதே நாட்களில் எரிக்கப்பட்டது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டுப் பெட்டகங்களில் இருந்த காகிதங்களும் போயின. ஆனால் ஒரு மரண அறிவித்தலையோ கல்வெட்டையோ இறந்தவரின் வீட்டார் மட்டும் வைத்திருப்பதில்லை. சம்பந்தி வீடு, மருமகள் பிறந்த வீடு, கொழும்பில் வேலை பார்த்த மைத்துனர், லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போன பேரப்பிள்ளை என்று பல கைகளில் அதன் பிரதிகள் இருக்கின்றன. உங்கள் பூட்டனின் பெயர் இன்னொருவர் வீட்டு அலுமாரியில், உங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவரின் கல்வெட்டில் கிடக்கலாம். இறந்தவரின் பெயரை மட்டும் தலைப்பாக இட்டு ஸ்கான் படத்தை அடுக்கி வைத்தால் அது உங்கள் கண்ணில் ஒருபோதும் படாது. எல்லாப் பெயரும் அடைவில் ஏற வேண்டும்.

ஒரு மரண அறிவித்தலில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். மாதிரிக்காக நாமே இட்ட பெயர்கள் இவை: "சண்டிலிப்பாயைப் பிறப்பிடமாகவும் ஏழாலையை வதிவிடமாகவும் கொண்ட வேலுப்பிள்ளை கந்தையா அவர்கள் காலமானார். அன்னார் காலஞ்சென்றவர்களான வேலுப்பிள்ளை, சின்னாச்சி தம்பதியரின் அன்பு மகனும், பொன்னம்மாவின் அன்புக் கணவரும், காலஞ்சென்ற நாகலிங்கம், தெய்வானை தம்பதியரின் பாசமிகு மருமகனும்..." பிறப்பிடமும் வதிவிடமும் வேறாக இருப்பதே ஒரு தடயம். சீதனமாக வீடு பெண்ணுக்குப் போகும் வழக்கத்தால் ஆணின் வதிவிடம் பெரும்பாலும் மனைவியின் ஊராக இருக்கும். ஆகவே பொன்னம்மாவின் பெற்றோரை ஏழாலையில் தேடத் தொடங்கலாம். "காலஞ்சென்ற" என்ற சொல் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது அடுத்த தடயம். இங்கே "காலஞ்சென்றவர்களான" என்று இல்லாமல் "காலஞ்சென்ற" என்று வந்திருப்பதால் நாகலிங்கம் மட்டும் இறந்துவிட்டார், தெய்வானை இருக்கிறார் என்று படிக்கலாம். அச்சுப் பிழையாகவும் இருக்கலாம் என்பதால் அடைவில் அது "உறுதியில்லை" என்ற குறியோடுதான் ஏறும்.

இனி 1961இல் வந்த ஒரு நிச்சயதார்த்த அறிவித்தலில் நாகலிங்கத்தின் பெயர் "காலஞ்சென்ற" இல்லாமல் இருக்கிறது, மேலே உள்ள மரண அறிவித்தல் 1974இல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் இறந்தது அந்த 13 ஆண்டுக்குள். பதிவாளர் அலுவலகத்தில் மரணப் பதிவுப் பிரதி கேட்கப் போகிறவருக்கு, கால எல்லை தெரியாமல் போவதற்கும் இந்த எல்லையோடு போவதற்கும் உள்ள வேறுபாடு பெரியது.

நிச்சயதார்த்த அறிவித்தலுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. பெண்ணின் பெயரை அவள் தகப்பன் பெயரோடு சேர்த்து அச்சில் தருவது பெரும்பாலும் அதுவும் திருமண அழைப்பிதழும்தான். திருமணத்துக்குப் பிறகு கணவரின் பெயர் முன்னால் வந்துவிடும். மரண அறிவித்தலில் "திருமதி கந்தையா பொன்னம்மா" என்றிருந்தால் கந்தையா கணவர். அதே வடிவில் "செல்வி கந்தையா பொன்னம்மா" என்றிருந்தால் கந்தையா தகப்பன். "திருமதி" என்ற அடைமொழி உதிர்ந்த பத்திரிகை நறுக்குகளில் "மகளும்", "மனைவியும்" என்ற சொற்களை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். ஆனால் நிச்சயம் நடந்தது என்பது திருமணம் நடந்ததற்குச் சான்று ஆகாது. அந்த உறவு எங்கள் அடைவில் "நிச்சயம்" என்றே நிற்கும். அழைப்பிதழோ திருமணப் பதிவோ பின்னர் வந்த மரண அறிவித்தலோ கிடைத்த பிறகுதான் "திருமணம்" என்று மாறும்.

கல்வெட்டுகளில் இதைவிட அதிகம் உண்டு. 31ஆம் நாள் அந்தியேட்டியன்று வெளியிடும் அந்தச் சிறு நூலில் வம்சாவளி அச்சாகியிருக்கும். இல்லாவிட்டாலும் இறந்த நாளைச் செய்யுளில் சொல்லும் திதி வெண்பா இருக்கும். "விகாரி வருடம், தை மாதம், அபரபக்கம் (தேய்பிறை), தசமி" என்ற அளவில் வெண்பா சொன்னால் அதிலிருந்து திகதியை எடுத்துவிடலாம். விகாரி 1959 ஏப்ரல் நடுவில் தொடங்கியது. எனவே அதன் தை மாதம் 1960 ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி நடு வரை. இங்கே வழுக்கும் இடங்கள் நான்கு. ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும், 2019இல் தொடங்கியதும் விகாரிதான். தை, மாசி, பங்குனி மரணங்களை ஆங்கில ஆண்டில் ஒன்று குறைத்து எழுதிவிடுவது வழக்கமான பிழை. 30 நாளுக்கு மேற்பட்ட சூரிய மாதத்தில் ஒரே திதி தொடக்கத்திலும் முடிவிலும் இருமுறை வரக்கூடும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இருவகைப் பஞ்சாங்கங்களிலும் திதி தொடங்கும் நேரம் வேறுபடுவதால் ஒரு நாள் முன்பின்னாகவும் ஆகும். இதனால் வெண்பாவின் வரியை அப்படியே தட்டச்சு செய்து, கணித்த திகதியைத் தனிக் கட்டத்தில் இடுகிறோம்.

வீடுகளிலிருந்து வரும் நறுக்குகளில் பத்திரிகையின் பெயரோ ஆண்டோ இருப்பது அரிது. "12.03 புதன்கிழமை இறுதிக்கிரியை" என்று மட்டும் இருந்தால் 1958, 1969, 1975, 1980, 1986 ஆகிய ஆண்டுகளில் ஒன்று. 1958க்கும் 1986க்கும் இடையில் மார்ச் 12 புதன்கிழமையில் விழுந்த ஆண்டுகள் இவ்வளவுதான். பிள்ளைகளுக்கு நேரே "கனடா" என்றிருந்தால் 1983க்குப் பின் பெருகிய புலம்பெயர்வை எண்ணி 1986ஐ முதலில் பார்ப்போம். நறுக்கின் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கான் செய்வோம். பின்னால் இருக்கும் பாதி விளம்பரமோ செய்தியோ பல தடவை ஆண்டைச் சொல்லிவிடும். தாளில் ஒட்டிய நறுக்குகளில் அந்தத் தடயம் மறைந்துவிடுகிறது.

இவற்றைக் கணினியே வாசித்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. எழுத்துணரி மென்பொருள் தெளிவான அச்சில் நன்றாகவே வாசிக்கிறது. ஆனால் ணை, லை, னை, றா, னா ஆகியவற்றின் பழைய வடிவங்களில் தடுமாறுகிறது. ஈய எழுத்துத் தேய்ந்து மை பரவிய இடங்களில் புள்ளி விழுந்துவிடும், கால் கொம்பாகிவிடும். கட்டுரையில் ஓர் எழுத்துப் பிழைத்தால் வாசிப்பவர் திருத்திக்கொள்வார். பெயரில் பிழைத்தால் அந்த ஆள் அடைவில் தொலைந்தே போவார். 1990களுக்குப் பின் வந்த கல்வெட்டுகளின் கணினிக் கோப்புகள் கிடைத்தாலும் அவை பெரும்பாலும் யூனிக்கோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கும். யூனிக்கோடுக்கு மாற்றி ஒருவர் வாசித்துப் பார்த்தே ஏற்ற வேண்டும்.

அதன் பிறகு உறவுமுறை. யாழ்ப்பாண வழக்கில் "பேரன்" பாட்டனாரையும் குறிக்கும், பேரப்பிள்ளையையும் குறிக்கும். "மருமகன்" மகளின் கணவனாகவும் இருக்கலாம், சகோதரியின் மகனாகவும் இருக்கலாம். "பெறாமகன்", "சகலன்", "ஒன்றுவிட்ட சகோதரன்" ஒவ்வொன்றையும் அறிவித்தலில் அது நிற்கும் இடத்தைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். இதில் அதிகம் தவறுவது பிள்ளைகளையும் மருமக்களையும் சோடி சேர்ப்பதில்தான். ஐந்து பிள்ளைகளின் பெயர் ஒரு வரியிலும் நான்கு மருமக்களின் பெயர் அடுத்த வரியிலும் இருக்கும். வரிசைப்படி இணைத்தால், திருமணமாகாத மூன்றாவது பிள்ளைக்கு நாலாவது பிள்ளையின் துணை வந்து சேர்ந்து, அதற்குக் கீழே எல்லாமே ஒவ்வோர் இடம் நகர்ந்துவிடும். எண்ணிக்கை ஒத்துவராத இடங்களில் சோடி சேர்க்காமல் விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் விதி. பிள்ளைகளில் ஒருவரின் அழைப்பிதழோ அறிவித்தலோ கிடைக்கும்போது அது தானே தீரும். குழந்தையிலேயே இறந்தவர்களும் முதல் தாரத்துப் பிள்ளைகளும் மனஸ்தாபத்தில் விலகியவர்களும் அறிவித்தலில் விடுபடுவதுண்டு. ஒரு பெயர் இல்லை என்பதை அப்படி ஒருவர் இருக்கவில்லை என்று எடுக்கக் கூடாது.

ஓர் அறிவித்தலில் இருபது முப்பது பெயர்கள் வருவது வழக்கம். இருவர் தனித்தனியே தட்டச்சு செய்கிறார்கள். இரண்டையும் கணினி ஒப்பிட்டு வேறுபாடுகளைக் காட்டும். மூன்றாமவர் படத்தைப் பார்த்துத் தீர்ப்பார். இராசையா, ராசையா, ராஜையா என்ற வடிவங்களை அச்சில் உள்ளபடியே வைத்துக்கொண்டு, தேடும்போது மூன்றும் சேர்ந்து வருமாறு இணைப்போம். தகப்பன் பெயரை வெளிநாட்டில் குடும்பப் பெயராக்கிக்கொண்டவர்களின் பிள்ளைகள் தேடி வருவது பாட்டனின் பெயரை ஆங்கில எழுத்துகளில்தான். அந்த வடிவத்தையும் சேர்க்க வேண்டும். உங்கள் பணம் கூலியாகப் போவது இந்த மூவருக்கும்.

மீதிப் பணம் படம்பிடிக்கவும் சேமிக்கவும். கட்டிய பத்திரிகைத் தொகுதிகளைக் கவிழ்த்து அழுத்தி ஸ்கான் செய்தால் முதுகு உடைந்துவிடும். அதனால் மேலிருந்து எடுக்கும் கமரா, தாங்கி, இரு பக்கமும் 45 பாகையில் இரண்டு விளக்குகள், பக்கத்தின் கீழே வைக்கக் கறுப்புத் தாள் வேண்டும். கறுப்புத் தாள் இல்லாவிட்டால் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும். 40 செ.மீ.க்கு 58 செ.மீ. உள்ள ஒரு பத்திரிகைப் பக்கம் அங்குலத்துக்கு 400 புள்ளியில் சுருக்காமல் ஏறத்தாழ 170 எம்.பி. எட்டுப் பக்கம், ஆண்டுக்கு 300 இதழ் என்றால் 400 ஜி.பி.க்கு மேல். மூன்று பிரதி வைக்க 1.2 டி.பி. வேண்டும். அறிவித்தல் பக்கத்தை மட்டும் எடுத்தால் செலவு குறையும்தான். ஆனால் நொறுங்கும் தாள் இன்னொரு தடவை திறக்கத் தாங்காது. முழு இதழையும் ஒரே தடவையில் எடுத்துவிடுவதே சரி. ஏ5 அளவில் 40 பக்கமுள்ள கல்வெட்டை அங்குலத்துக்கு 600 புள்ளியில் எடுக்கிறோம், அது 2 ஜி.பி. ஆகும். குறைந்த நுணுக்கத்தில் எடுத்தால் அச்சுப்படத்தின் புள்ளிகள் அலைபோல் திரண்டு முகம் கெட்டுவிடும்.

உயிரோடு இருப்பவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் பொதுத் தேடலில் வராது. தாயின் கன்னிப் பெயரை அடையாளக் கேள்வியாகக் கேட்கும் வங்கிகள் இன்னும் இருக்கின்றன. எனவே கடந்த 30 ஆண்டு அறிவித்தல்களில் இறந்தவர்களின் பெயர் மட்டுமே தெரியும். குடும்பத்தார் எழுதிக் கேட்டால் அதையும் மறைத்துவிடுவோம். பத்திரிகைப் பக்கங்களை உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெளியிட மாட்டோம். அடைவில் இதழின் பெயர், திகதி, பக்கம் மட்டும் இருக்கும்.

நன்கொடையை ஒரு பத்திரிகையின் ஓராண்டுத் தொகுதிக்கு என்றோ, ஒரு கல்வெட்டுக்கு என்றோ, மாதந்தோறும் இத்தனை மணிநேரத் தட்டச்சுக்கு என்றோ தரலாம். எதையும் குறிப்பிடாமல் தந்தால் தட்டச்சுக்கே போகும். கமராவை யாராவது இரவல் தந்தாலும் போதும், தட்டச்சுக் கூலிக்கு இரவல் இல்லை. பணம் குழுவின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும். இருவர் கையொப்பமின்றி அதிலிருந்து எடுக்க முடியாது. குழு உறுப்பினர் எவருடைய சொந்தக் கணக்குக்கும் அனுப்ப வேண்டாம், அப்படி யாராவது கேட்டால் எங்களுக்கு அறிவியுங்கள். வெளிநாட்டுப் பணம் வந்த நாளின் மாற்று வீதத்தோடு இலங்கை ரூபாயில் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவும் அதுவரை ஏற்றிய பெயர்களின் எண்ணிக்கையும் நன்கொடையாளர் எல்லோருக்கும் அனுப்பப்படும். தங்கள் குடும்பத்தைப் பற்றிய தேடலுக்குப் பணம் தந்தவர், தராதவர் என்ற வேறுபாடு இல்லை.

காகிதம் தருபவர்களும் வேண்டும். நறுக்குகளை லமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். துருப்பிடித்த கம்பியை இழுக்காமல் அப்படியே அனுப்புங்கள், இங்கே எடுத்துக்கொள்வோம். மடிந்ததை நீங்களே விரிக்க முயலாமல் இரண்டு மட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்புங்கள். யார் வீட்டிலிருந்து வந்தது, இறந்தவர் உங்களுக்கு என்ன முறை என்பதைப் பேனாவால் நறுக்கில் எழுதாமல் தனித்தாளில் எழுதி வையுங்கள். ஸ்கான் முடிந்ததும் மூலப் பிரதி உங்களுக்கே பதிவுத் தபாலில் திரும்பி வரும்.

பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் உங்கள் பெயரையும் பூர்வீக ஊரையும் எழுதுங்கள். அந்த ஊர்ப் பெயர்கள் வரும் அறிவித்தல்களை முதலில் தட்டச்சுக்கு எடுப்போம்.

இங்ஙனம்,
பெயரடைவுப் பணிக் குழுவினர்