பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும்: வேலூர் வட்டாரக் கட்டடப் பொறியாளர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டடப் பொறியாளர்களுக்கும், மேஸ்திரிகளுக்கும், கொத்தனார்களுக்கும் வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் நான். முதியோரைப் பற்றிய மடல்கள் வழக்கமாகப் பிள்ளைகளுக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுதப்படும். நான் உங்களுக்கு எழுதுகிறேன். ஒருவர் தள்ளாத வயதிலும் தம் சொந்த வீட்டில், பிறர் கையை எதிர்பாராமல் நடமாட முடியுமா என்பதை, அவருக்கு ஐம்பது வயது இருக்கும்போதே, டைல்ஸ் ஒட்டுகிற அன்றைக்கு நீங்கள் தீர்மானித்துவிடுகிறீர்கள் என்பதைப் பல வீடுகளில் கண்டுவிட்டேன்.

கொசப்பேட்டையில் தனியாக வசிக்கும் என் தாயாருக்கு வயது எண்பத்திரண்டு. சத்துவாச்சாரியில் என்னோடு வந்து இருக்கும்படி எத்தனையோ முறை அழைத்தும், "என் வீட்டுல இருட்டுலகூட என் கை போற இடம் எனக்குத் தெரியும், உன் வீட்டுல தெரியாதுடி" என்று மறுத்துவிட்டார். ஒரு விடியற்காலையில் அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். நினைவு தப்பவில்லை, குரல் கொடுத்தார், பக்கத்து வீட்டார் உடனே ஓடி வந்தார்கள். ஆனால் கதவு உள்பக்கமாகத் திறப்பது, விழுந்தவரோ அந்தக் கதவை ஒட்டியே கிடந்தார். தள்ளினால் அவர் இடுப்பில் இடித்தது. கீலும் தாழ்ப்பாளும் உள்ளே இருந்தன. கடைசியில் பி.வி.சி. கதவின் கீழ்ப்பாதியை அறுத்தெடுத்து, ஒரு சிறுவன் தரையோடு தரையாக ஊர்ந்து உள்ளே போய் அவர் காலை நகர்த்திய பிறகுதான் கதவு திறந்தது. நாற்பது நிமிடம் ஈரத் தரையில் கிடந்த அவருக்கு எலும்பு முறியாமல் போனது எங்கள் நல்ல காலம்.

கதவில் தெறிக்கும் தண்ணீர் உள்ளேயே சொட்ட வேண்டும், வெளியே திறந்தால் நடைவழியை அடைக்கும் என்று நீங்கள் சொல்லும் காரணங்களை நான் அறிவேன். அவை தவறும் அல்ல. ஆனாலும் வெளிப்பக்கம் திறக்கும் கதவோ, இடமில்லாத வீட்டில் பக்கவாட்டில் நகரும் கதவோ, வெளியிலிருந்து ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினால் திறந்துகொள்ளும் தாழ்ப்பாளோ புதுக் கட்டடத்தில் பெரிய செலவு வைப்பவை அல்ல.

இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழும் முதியவருக்கு, படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்குவது உண்டு. மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ குறையும். அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவருக்கு அது இன்னும் எளிதில் நேரும். தலை சுற்றும் அந்தச் சில நொடிகளில் கை எதையாவது பற்றத் தேடும். நம் பாத்ரூம்களில் கைக்கு அகப்படுவது டவல் கம்பியும் குழாயும்தான், இரண்டுமே ஆளின் எடையைத் தாங்குவதற்காக வைத்தவை அல்ல. பிளாஸ்டிக் பிளக்கில் முடுக்கிய டவல் கம்பி ஆளோடு சேர்ந்தே பெயர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். கம்மோடுக்குப் பக்கத்தில் துருப்பிடிக்காத நல்ல எஸ்.எஸ். எஃகுக் கைப்பிடி வேண்டும். ஆனால் நாலரை அங்குலச் சுவரில் டைல்ஸ் ஒட்டிய பிறகு துளை போட்டால் டைல்ஸும் விரியும், பிடிப்பும் இராது. ஆகவே வீட்டுக்காரர் இன்றைக்கு வேண்டாம் என்றாலும், கைப்பிடி வரவேண்டிய இடத்தில் மட்டும் காங்கிரீட் வைத்துக் கட்டிவிடுங்கள். அதில் எந்தக் காலத்திலும் ஆங்கர் போல்ட் இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது வாசற்படி. சாலையின் மேல் சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்ததால், மழைநீர் உள்ளே வராதிருக்க எல்லாரும் பேஸ்மட்டத்தை மூன்றடி, நான்கடி என்று ஏற்றிக்கொண்டே போகிறோம். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். அது எத்தனை தெருவில் நடக்கிறது என்பதை மழை பெய்யும் நாளில் பார்த்துக்கொள்ளலாம். இருபதடி முகப்புள்ள மனையில் மூன்றடி உயரத்தை நான்கே படிகளில் முடிக்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு படியும் ஒன்பது அங்குலம் ஆகிறது. ஆறு அங்குல உயரமும் ஓரடி அகலமுமே முழங்கால் தேய்ந்தவருக்கு ஏறத் தோதானவை. பக்கத்தில் பைக் ஏற்ற ஒரு சரிவு போடுகிறீர்களே, அதைச் சாய்தளம் என்று எண்ணி முதியவர்கள் நடந்து இறங்குகிறார்கள்! முறையான சாய்தளத்துக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். நம் மனைகளில் அதற்கு இடமில்லை என்பது உண்மையே. ஆனால் படியின் இருபுறமும் கைப்பிடி வைக்கவும், கடைசிப் படியைத் தாண்டி அதை ஓரடி நீட்டிவிடவும் இடம் உண்டு.

நம் ஊருக்கே உரிய இன்னொரு வழக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். தோட்டப்பாளையம் பக்கம் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் மருத்துவத்துக்கு வருபவர்களுக்குக் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டுவிட்டு, பெற்றோரை மாடி அறையில் வைக்கும் வீடுகள் உண்டு. கத்திரி வெயிலில் தளம் காயும் அந்த அறையிலிருந்து, பதினெட்டுப் படி இறங்க அஞ்சி மாதக்கணக்கில் தெருவைப் பாராதவர்களுக்கு நான் மாத்திரை கொடுத்திருக்கிறேன். வாடகை வருமானத்தைக் குறை சொல்லவில்லை. வரைபடம் போடும்போது கீழே கழிவறையுடன் ஓர் அறையை வீட்டாருக்கென ஒதுக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்ததிலிருந்து சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. 2025இல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் பொருளும் வருகிறது. வாசல்வரை அரசு வந்துவிட்டது. வாசலுக்குள் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே உள்ள பத்தடி உங்கள் கையில் இருக்கிறது. பெற்றோரைப் பராமரிக்கச் சொல்லும் 2007ஆம் ஆண்டுச் சட்டம்கூட அந்தப் பத்தடியில் வழுக்கும் டைல்ஸ் போடாதே என்று சொல்லவில்லை.

நான் கேட்பது இதுதான். வீட்டு வேலையை ஒப்புக்கொள்ளும் நாளில், நிறத்தையும் பளபளப்பையும் பற்றிக் கேட்கும்முன், இந்த வீட்டில் வயதானவர் யார், இனி வயதாகப் போகிறவர் யார் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

என் தாயாரின் பாத்ரூமைப் பிறகு திருத்திக் கட்டிய காகிதப்பட்டறை மேஸ்திரியிடம், கைப்பிடிக்கான அளவை நான் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அம்மா, நீங்க வந்து இப்படி உக்காந்து எழுந்திரிங்க" என்று என் தாயாரை அழைத்தார். எழும்போது அவர் கை சுவரில் எங்கே போய்ப் பதிந்ததோ அங்கே கரித்துண்டால் கோடு போட்டார். அந்தக் கோடு நான் எழுதிக் கொடுத்ததைவிட இரண்டு அங்குலம் கீழே இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.