ஆண்டறிக்கை 2024–25: மென்பொருள் காப்புரிமையும் தனி நிரலாளர்களும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு மாதக் கூட்டங்களில் பெரும்பகுதி காப்புரிமைக்கே போயிற்று. 2011இல் அமெரிக்காவில் லாட்சிஸ் என்ற நிறுவனம், ஐபோன் ஆப் செய்யும் தனியாட்களுக்குக் கடிதம் அனுப்பி, ஆப்புக்குள்ளேயே வாங்கும் வசதி தன் காப்புரிமையில் அடங்கும் என்று சொல்லி அவர்களது அமெரிக்க வருவாயில் 0.575 சதவீதம் கேட்டது. அதை எதிர்த்து வழக்காட ஆகும் செலவோ பல மடங்கு. அந்த உரிமை செல்லுமா என்று சோதித்துப் பார்க்கவே வசதியில்லாதவர் பணத்தைக் கட்டிவிடுவார். அநியாயம் அங்கேதான் இருக்கிறது.

நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரல் 'அதனளவில்' (per se, அதாவது வெறும் நிரலாக மட்டும்) கண்டுபிடிப்பாகாது என்கிறது. 'அதனளவில்' என்பது 2002 திருத்தத்தில் நுழைந்த சொல். 2004 டிசம்பர் அவசரச் சட்டம் இப்பிரிவை மேலும் தளர்த்தப் பார்த்தது. 2005இல் நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. இன்றும் இப்பிரிவைத் தாண்டப் பல விண்ணப்பங்கள் 'பிராசசரும் மெமரியும் கொண்ட அமைப்பு' என்று தொடங்குகின்றன. அந்த இரண்டையும் எடுத்துவிட்டுப் படித்தால் அல்காரிதம் மட்டும் மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

எதிர்ப்பதற்கு நல்ல நேரம், உரிமை வழங்கப்படும் முன்புதான். விண்ணப்பம் வெள்ளிதோறும் வரும் காப்புரிமை இதழில் வெளியான பின், 25(1) பிரிவின்படி யார் வேண்டுமானாலும் 7ஏ படிவத்தில் மனுச் செய்யலாம். வெளியான ஆறு மாதத்துக்குள் உரிமை வழங்க முடியாது. அந்த ஆறு மாதமே நமக்கு உறுதியான அவகாசம். 2024 மார்ச் வரை கட்டணம் இல்லை, இப்போது தனிநபருக்கே 4,000 ரூபாய். பொதுநலனுக்காக எதிர்ப்பவரிடம் இதை வசூலிப்பது தவறு என்பதே செயற்குழுவின் கருத்து. உரிமை வழங்கியபின் என்றால் ஓராண்டுதான் கெடு. அதுவும் நேரடித் தொடர்புள்ளவர் மட்டுமே மனுச் செய்யலாம்.

மனு எழுதும்போது முதல் கோரலை (விண்ணப்பதாரர் தனக்கே உரியது என்று கேட்பதைச் சொல்லும் வாசகம்) உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே பழைய ஆவணத்தின் வரியை எழுதுங்கள். ஒன்பது உறுப்பில் எட்டுதான் ஓர் ஆவணத்தில் கிடைத்தால் 'புதுமை இல்லை' என்ற வாதம் நிற்காது. துறையறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதே என்ற வாதத்துக்கு மாற வேண்டும். தேதியில்தான் அதிகம் தவறுகிறோம். வெளிநாட்டில் முதலில் தாக்கல் செய்து முன்னுரிமை கோரிய விண்ணப்பம் என்றால், இந்தியாவில் விண்ணப்பித்த நாளைப் பார்த்துப் பயனில்லை. அங்கே முதலில் தாக்கல் செய்த நாளான முன்னுரிமை நாளுக்கும் முந்தையதாக நம் சான்று இருக்க வேண்டும். கிட் கமிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியில் உள்ள பதிவு) தேதியை எவரும் மாற்றி எழுதலாம் என்பதால் அது மட்டும் போதாது. பைபிஐயில் (பைத்தான் நிரல் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியம்) ஏற்றிய நேரம், வேபேக் மெஷின் (இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமிக்கும் தளம்) பதிவு போன்று பிறர் கையில் உள்ள தேதியைச் சேருங்கள்.

வரும் ஆண்டில் ஜி06எஃப் (கணினித் தரவுச் செயலாக்கம்), ஜி06க்யூ (வணிக, நிர்வாகக் கணினி முறைகள்) வகைப்பாட்டு விண்ணப்பங்களை வாரந்தோறும் முறைவைத்துப் படிக்க ஐந்து உறுப்பினர் தேவை. பெயர் தருபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பதிந்துகொள்ளலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்