பழைய கம்ப்ரசர் பார்க்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

உடுமலை தோட்டத்துச் சாளையைப் பட்டறையாக்கி, கட்டில் கதவுக்கெல்லாம் நீயே ஸ்பிரே அடிக்கப் போவதாகச் சொன்னாய். ரொம்பச் சந்தோசம் கண்ணு. அதற்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரைப் பழசாகவே வாங்கு, தப்பில்லை. ஆனால் விற்கிறவர் மோட்டார் ஓடுவதைத்தான் காட்டுவார், நீ டேங்கைப் பார். மோட்டார் காயில் எரிந்தால் திரும்பக் கட்டிக்கலாம். பிஸ்டன் ரிங், வால்வு பிளேட் போனால் மாற்றிக்கலாம். டேங்கின் அடித்தகட்டைத் துரு தின்றிருந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது. 7 பார் அழுத்தத்தில் காற்றோடு டேங்க் கிழிந்தால் பக்கத்தில் நிற்கிறவர் உயிருக்கே ஆபத்து.

டேங்க் உள்ளே இருந்துதான் துருப்பிடிக்கும். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணியாகி அடியில் தங்கிவிடும். அதனால் வெளியே அடித்திருக்கிற புதுப் பெயிண்டை நம்பாதே. டேங்கில் கொஞ்சம் காற்று இருக்கும்போதே அடியில் தண்ணி வடிக்கும் டிரெயின் காக்கைத் திற. கொஞ்சம் தண்ணி வந்தால் பரவாயில்லை. செம்மண் கரைசல் மாதிரி கொட்டினாலோ, துருச் செதில் விழுந்தாலோ விட்டுவிட்டு வந்துவிடு. காக் திருகவே வராமல் இறுகிக் கிடந்தால், வருசக்கணக்காக யாரும் தண்ணி இறக்கவில்லை என்று அர்த்தம்.

காற்றை ஒட்டுக்கா இறக்கிய பொறவு சின்னச் சுத்தியலால் அடிப்பக்கம் முழுக்க மெதுவாகத் தட்டிப் பார். நல்ல தகடு கணீரென்று கேட்கும், மெலிந்த இடம் மொத்தையாகக் கேட்கும். கால்களை வெல்டிங் வைத்த இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா பார், அதிர்வில் முதலில் விடுவது அங்கேதான். டேங்கில் ஒட்டு வெல்டிங் இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், வாங்கியதும் ஹைட்ரோ டெஸ்ட் ஒன்று செய்துவிடு. டேங்க் நிறையத் தண்ணி ஏற்றி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துப் பார்ப்பார்கள். தண்ணி காற்றைப் போல அமுங்காது. அதனால் தகடு விட்டாலும் வெடிக்காமல் ஒழுகித்தான் போகும். இந்தச் செலவில் மட்டும் கணக்குப் பார்க்காதே.

எந்த இடத்தில் ஓடிய கம்ப்ரசர் என்று கேள். பஞ்சர் கடையிலிருந்து வருவது பெரும்பாலும் உயர் அழுத்தத்தில் நாள் முழுக்க ஓடியதாக இருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனி, சோமனூர், பல்லடம் தறிக்கூடத்துச் சரக்கில் பஞ்சுத் தூசி ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடி) சூடு ஆற்றும் ஃபின் தகடுகளுக்கு நடுவே அடைத்துக் கிடக்கும். சூடு வெளியேறாமல் வால்வு பிளேட்டில் கரி படியும். அங்கிருந்து வருவதில் த்ரீ பேஸ் மோட்டார்தான் அதிகம். உன் கனெக்சன் சிங்கிள் பேஸ் என்பதால் அதே எச்.பி., அதே ஆர்.பி.எம். மோட்டார் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கோ. எந்தப் பிராண்டானாலும் ஸ்பேர் கிடைக்கிறதா என்று முதலில் கேள். எல்ஜி 1960-லிருந்து நம்ம கோயம்புத்தூர்க் கம்பெனி, அதனால் அந்த ரக ரிங், கேஸ்கெட் இந்தப் பக்கம் எளிதாகக் கிடைக்கும்.

நீ போகிறவரைக்கும் ஓட்டாமல் வைக்கச் சொல். போனதும் ஹெட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டிப் பதப்படுத்தியிருக்கிறார்கள். ஆயில் கண்ணாடியில் பாதி மட்டம் இருக்கணும். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணி கலந்திருக்கு, தார் மாதிரி இருந்தால் சூட்டில் எரிந்திருக்கு.

ஓடும்போது ஏர் ஃபில்டர் வாயில் உள்ளங்கையை வை. உறிஞ்சணும். விட்டுவிட்டு வெளியேயும் ஊதினால் சக்‌ஷன் வால்வு பிடிக்கவில்லை. காற்று வெளியே வரும் வாயில் வெள்ளைத் தாளைக் காட்டு. எண்ணெய்ப் புள்ளி விழுந்தால் ரிங் தேய்ந்திருக்கு, அந்த எண்ணெய் நாளைக்கு உன் பெயிண்டில் மீன்கண் மாதிரி குழி போடும்.

அடுத்தது நேரக்கணக்கு. 160 லிட்டர் டேங்க் 4 பாரிலிருந்து 7 பாருக்கு ஏற எவ்வளவு நேரம் என்று போனில் பார். 3 பார் ஏறினால் 160 × 3 = 480 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போயிருக்கு. 2 நிமிடம் 40 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 180 லிட்டர், அதாவது சுமார் 6.4 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). 2 எச்.பி.க்கு இது நல்ல அளவு. 4 நிமிடம் இழுத்தால் 4.2 தான் வருகிறது, ரிங்கோ வால்வோ போயிருக்கு. பெயர்த்தகட்டில் போட்டிருக்கும் சி.எஃப்.எம். பெரும்பாலும் பிஸ்டன் தள்ளும் கொள்ளளவு. கையில் கிடைப்பது அதில் முக்கால் பங்கோ அதற்கும் குறைவோதான். 1.4 மி.மீ. நாசில் ஸ்பிரே கன்னுக்கு 2 எச்.பி. சித்த நேரம் அடித்து, சித்த நேரம் காத்திருந்து போகும். கட்டில் சட்டம் முழுக்க நிறுத்தாமல் அடிக்கணும் என்றால் 3 எச்.பி. பார்.

டேங்க் நிறைந்து மோட்டார் தானாகக் கட் ஆஃப் ஆனதும் பிரஷர் சுவிட்ச் பக்கம் ஒரு 'புஸ்' கேட்டு உடனே நிற்கணும். சத்தமே வராவிட்டால், ஹெட்டில் தங்கிய காற்றை வெளியேற்றும் அன்லோடர் வேலை செய்யவில்லை. அடுத்த தடவை மோட்டார் அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்பும், கெப்பாசிட்டரும் காயிலும் எரியும். புஸ்ஸென்று நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அது டேங்க் காற்று திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வின் கசிவு. சின்னச் செலவுதான், அதைச் சொல்லி விலையைக் குறைத்துக்கோ. கேஜையும் சேஃப்டி வால்வையும் எப்படி இருந்தாலும் புதுசாக மாற்றிவிடு.

வண்டியில் ஏற்றும்போது காற்றை இறக்கி, நிமிர்த்தி வைத்துக் கட்டச் சொல். படுக்க வைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் ஏறிவிடும். வீட்டில் வைத்ததும் பழைய ஆயிலை வடித்துவிட்டு கம்ப்ரசர் ஆயில் ஊற்று. பைக்குக்கு ஊற்றுகிற என்ஜின் ஆயில் வேண்டாம், அது வால்வில் கரி கட்டும். 2 எச்.பி. மோட்டார் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு. 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், சி டைப் 20 ஆம்பியர் எம்.சி.பி. போடு. மீட்டர் பெட்டியிலிருந்து சாளை தூரம் என்றால் 4 சதுர மி.மீ. எக்ஸ்டென்சன் பாக்ஸில் செருகவே கூடாது. வோல்டேஜ் இறங்கும் சாயங்கால நேரத்தில் ஓட்டாதே.

காற்று லைனுக்கு பி.வி.சி. பைப் மட்டும் போட்டுவிடாதே அம்மிணி. தண்ணிக்கு அது சரி. காற்றுக்குப் போட்டால் ஒருநாள் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஜி.ஐ. பைப்போ நல்ல ரப்பர் ஹோஸோ போடு. காற்றிலுள்ள தண்ணியைப் பிடிக்கும் வாட்டர் டிராப்பை கம்ப்ரசரை ஒட்டி வைக்காமல் 20 அடி தள்ளி வை. காற்று ஆறிய பொறவுதான் ஈரம் தண்ணியாகப் பிரியும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில் இதைக் கவனிக்காவிட்டால் மரத்துக்கு அடிக்கும் என்.சி. லேக்கர் பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும். ஸ்பிரே அடிக்கிற அறைக்குள் கம்ப்ரசர் இருக்கக் கூடாது. தின்னர் ஆவிக்கு பிரஷர் சுவிட்சின் ஒரு பொறி போதும். சுவருக்கு அக்கட்டால வை.

தினமும் வேலை முடிந்ததும் டிரெயின் காக்கைத் திறந்துவிடு. பார்க்கப் போகும்போது சுத்தியல், டார்ச், வெள்ளைத் தாள், கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போ. டேங்கின் பெயர்த்தகட்டையும் வடிந்த தண்ணியின் நிறத்தையும் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா